கழற்றிப் போட்டால் என்ன?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே டப்பாவைப் பற்றியவை. செயின் லூப், டயர் பிரஷர், 'இந்தப் பைக்கா அந்தப் பைக்கா' ரகக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

என் 350 சிசி பைக்கில் கேட்கானை எடுத்துவிட்டால் சத்தம் கம்பீரமாகும், சூடு குறையும், பிக்கப் ஏறும் என்கிறார் மெக்கானிக். மூன்றும் உண்மையா?
*– தாம்பரம் வாசகர்*

சத்தம் மாறும். அது கம்பீரமா இல்லையா என்பதை உங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூடு குறையாது, இடம் மாறும். பிக்கப் ஏறுவது மெக்கானிக்கின் அன்றைய வருமானத்தில்.

முதலில் அது என்ன என்று சொல்லுங்கள். எல்லோரும் எடு, எடு என்கிறார்கள். எதை எடுக்கச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.
*– திருமங்கலம் கல்லூரி மாணவர்*

எடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதற்கே ஒரு ஷொட்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பதன் பட்டறைப் பெயர் கேட்கான். பெண்ட் பைப்பிலோ சைலன்சரின் ஆரம்பத்திலோ உட்கார்ந்திருக்கும். உள்ளே தேன்கூடு போல நூற்றுக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கும். சுழலும் பாகம் கிடையாது, மின் இணைப்பு கிடையாது.

எஞ்சினில் இருந்து வரும் நச்சு வாயு கார்பன் மோனாக்சைடு இங்கே கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி எரிந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் ஆகும். நைட்ரஜன் ஆக்சைடுகள் உடைந்து, நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜனாக வெளியே போகும். இத்தனையும் நடக்க கேட்கான் 250, 300 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடாக வேண்டும். அதனால்தான் காலையில் வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்களில் வரும் புகை மோசமானது. பால்காரர் பின்னால் நின்று கவனித்துப் பாருங்கள். வேண்டாம், தள்ளி நின்றே பாருங்கள்.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு பைக் ஓட்டும் சுகம் தெரியுமா?
*– ஈரோடு வாசகர்*

பைக் ஓட்டினாரா, தெரியாது. ஆனால் மனிதர் புகாட்டி காரில் ரேஸ் ஓட்டிய பேர்வழி! யூஜின் ஹூட்ரி, பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். கச்சா எண்ணெயை வினையூக்கியால் உடைத்து உயர்ரகப் பெட்ரோல் எடுக்கும் முறையைத் தொழிலாக்கியவர். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கான பெட்ரோலில் கணிசமான பங்கு அந்த முறையில்தான் வந்தது. வேகத்துக்கான எரிபொருளைக் கொடுத்த அதே ஆள், 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தைப் பார்த்துவிட்டு, புகையைச் சுத்தம் செய்யும் இந்தக் கருவியில் இறங்கினார்.

ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் கேட்கானின் பூச்சு செத்துவிடும். 1962-இல் ஹூட்ரி இறந்தார். 1975 மாடல் கார்களில்தான் அமெரிக்காவில் கேட்கான் பரவலாக வந்தது, ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. நம் ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. அந்த வகையில், தன் வேலைக்கு வெளியேயும் கேட்கான் நமக்கு ஒரு நன்மை செய்துவிட்டது. அதைக் காப்பாற்றவும் சேர்த்துத்தான் பெட்ரோலில் இருந்து ஈயத்தை வெளியே தள்ளினார்கள்.

கேட்கானை எடுத்தால் தாத்தா காலத்துப் புல்லட்டின் 'டுக்… டுக்…' வருமா?
*– திருவொற்றியூர் வாசகர்*

இந்திய புல்லட் பிறந்த ஊரில் இருந்தே இந்தக் கேள்வியா! வராது. அந்தத் தாளம் சைலன்சரில் பிறந்ததல்ல. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. கூடவே கனத்த ஃப்ளைவீல். அடுத்த வெடிப்புக்கு அவசரமே இல்லாமல், ஆற அமர ஐடிலிங் ஓடும். 2020-க்குப் பிறகு வந்த 349 சிசி எஞ்சினில் அந்த அளவுகள் 72-ம் 85.8-ம். உள்ளே இருக்கும் பாகங்கள் வேறு, ஐடிலிங்கை முடிவு செய்வது கம்ப்யூட்டர். வெளியே இருக்கும் ஒரு டப்பாவை அறுத்துவிட்டால் உள்ளே இருப்பது வயது குறைந்து 1970-க்குப் போய்விடாது.

சரி, உண்மையில் என்னதான் மாறும்? தேன்கூடு வழியாக வாயு போகும்போது சத்தத்தின் கூர்மையான, உயர்ந்த சுருதிகள் கொஞ்சம் மழுங்கும். அதை எடுத்தால் அந்தக் கரகரப்பு திரும்பி வரும். ஒரிஜினல் சைலன்சர் அப்படியே இருந்தால், அதன் உள்ளே இருக்கும் தடுப்பு அறைகள்தான் பெரும்பாலான சத்தத்தை விழுங்கும். அதனால் வித்தியாசத்தை நீங்கள் உணர்வீர்கள், உங்கள் நண்பர் சந்தேகப்படுவார், மூன்றாவது ஆளுக்குத் தெரியவே தெரியாது. "எடுத்த உடனே தெருவே திரும்பிப் பார்த்தது" என்று யாராவது சொன்னால், கேட்கானோடு சைலன்சரையும் மாற்றியிருக்கிறார். பாராட்டோ பழியோ, அது சைலன்சருக்குத்தான் போக வேண்டும்.

சத்தத்துக்குக் கணக்கும் உண்டு. தயாரிக்கும் நிலையில் 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80 என்பது இந்திய வரம்பு. டெசிபல் கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. "ஏதோ அஞ்சாறு டெசிபல்தானே சார்" என்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சத்தமாக இருந்தால் பஸ், லாரிக்காரர்கள் கவனிப்பார்கள், உயிர் பிழைக்கலாம் என்கிறார்களே?
*– உளுந்தூர்பேட்டை வாசகர்*

சைலன்சர் பின்னால் பார்க்கிறது. குறுக்கே திரும்பப் போகும் லாரி முன்னால் நிற்கிறது. ஹாரனையும் ஹெட்லைட்டையும் முன்பக்கம் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள். 2017 ஏப்ரலில் இருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, கவனித்தீர்களா?

ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'டப் டப்'பென்று வெடிக்கிறது. கேட்கானை எடுத்த பிறகுதான் இப்படி. நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள்.
*– நாகர்கோவில் வாசகர்*

எரியாத பெட்ரோல், சூடான குழாயில் காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். நிறைய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட்டுக்குள் வெளிக்காற்றை இழுத்துவிடும் ஒரு வால்வு இருக்கும், அந்தக் காற்று வெடிக்கு உதவுகிறது. குழாயை வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு இருந்தாலும் இதே வெடிதான் வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா பாருங்கள். பொறாமைப்படும் நண்பர்களையும் கூட நிறுத்தி வையுங்கள்.

சென்னையில் டெலிவரி ஓட்டுகிறேன். சிக்னலில் நின்றால் கெண்டைக்கால் வேகிறது. பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகுதான் இந்தச் சூடு, கேட்கானை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணே, கிண்டல் பண்ணாமல் சொல்லுங்கள்.
*– வேளச்சேரி வாசகர்*

சரி தம்பி, கிண்டல் இல்லை.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். ஒரு பகுதி எஞ்சினின் செதில்கள் வழியாக, இன்னொரு பகுதி புகையோடு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு வண்டி ஓடினால்தான் காற்று. மத்திய கைலாஷ் சிக்னலில் மே மாத மதியத்தில் நிற்கும் வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? உங்கள் காலைச் சுடுவதில் பெரும்பங்கு இந்த வெப்பம்தான்.

கேட்கானுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே நச்சு வாயுக்கள் எரியும்போது வெப்பம் வெளிப்படும், அதனால் அந்த டப்பா சுற்றியுள்ள குழாயைவிடக் கூடுதலாகச் சுடும். சில மாடல்களில் அது சரியாகக் காலுக்கு அருகில் அமைந்துவிட்டது. அதை எடுத்தால் அந்த ஓர் இடத்தில் சூடு கொஞ்சம் தணியும். ஆனால் நூற்றுக்கணக்கான டிகிரியில் வரும் புகை அப்படியே இருக்கிறது, அது சைலன்சர் வரை போய் அங்கே சுடும். சிலிண்டர் ஹெட்டின் வெப்பம் இம்மியும் குறையாது. அடுப்பை அணைக்காமல் பாத்திரத்தை நகர்த்தி வைத்தால் சமையலறை குளிர்ந்துவிடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸாஸ்ட் திறந்துவிட்ட அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை என்றால், முழு ஆக்ஸிலேட்டரில் கலவை மெலிந்துபோகலாம். அப்போது எஞ்சின் முன்பைவிடச் சூடாகும். குளிர்ச்சிக்காகக் கேட்கானை எடுத்தவர் கூடுதல் சூட்டை வாங்கிய கதை இப்படித்தான் நடக்கிறது.

செய்ய வேண்டியது வேறு. எஞ்சின் ஆயில் அளவும் வயதும் சரியா? டேப்பெட் இடைவெளி பார்த்து எவ்வளவு நாள்? பிரேக் உராய்ந்தபடியே ஓடுகிறதா? செதில்களுக்கு நடுவே சேறு அடைத்திருக்கிறதா? ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் ஃபேன் சுற்றுகிறதா? நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெண்ட் பைப்புக்கு மேல் ஹீட் ஷீல்டு கழன்று விழுந்திருந்தால் திரும்பப் போடுங்கள், பலருடைய கால் சுடுவதற்கு அந்த இரண்டு போல்ட்தான் காரணம். மெல்லிய டிராக் பேண்ட்டுக்குப் பதில் தடித்த ஜீன்ஸ். பத்து மணி நேரம் இந்த வெயிலில் ஓட வேண்டியிருப்பதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

'டீ-கேட்' பைப் போட்டால் சக்தி கூடும் என்று விளம்பரம். எவ்வளவு கூடும்? எண்ணில் சொல்லுங்கள், தத்துவம் வேண்டாம்.
*– கோவை வாசகர்*

கோவைக்காரருக்கு எண்ணில்தான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 349 சிசி எஞ்சினின் சக்தி 20.2 குதிரை. தாராளமாக மூன்று சதவீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், கிடைப்பது 0.6 குதிரை. கொங்குநாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

காரணமும் எளிது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்தபடி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கலவையைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும். அந்த சென்சார் கேட்கானுக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் டப்பா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அது அதே கலவைக்குத்தான் இழுக்கும். வித்தியாசம் வருமானால் உச்ச ஆர்பிஎம்மில், முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும். அவிநாசி ரோட்டில் அந்த நிலையில் எத்தனை வினாடி ஓட்டுவீர்கள்?

நான்கு சிலிண்டர் ரேஸ் பைக்கில் ஹெட்டர் முதல் சைலன்சர் வரை முழு சிஸ்டத்தையும் மாற்றி, கூடவே கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கையும் மாற்றினால் (ரீமேப்), சக்தியை அளக்கும் டைனோவில் கண்ணுக்குத் தெரியும் ஏற்றம் உண்டு. அதில் கேட்கான் எடுத்ததன் பங்கு எவ்வளவு, குழாயின் அளவும் ரீமேப்பும் தந்தது எவ்வளவு என்று விளம்பரத்தில் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். அந்த வண்டிக்கான இடமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்தான்.

இன்னொன்று. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது சொல்லும். காதை நம்பாதீர்கள், டைனோவில் ஏற்றி, எடுப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு தாள் வாங்குங்கள். முன் தாள் தராமல் பின் தாளை மட்டும் காட்டும் கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எஞ்சினுக்கு 'பேக் பிரஷர்' அவசியம், கேட்கானை எடுத்தால் அது போய்விடும் என்று இன்னொரு மெக்கானிக் எதிர்த்திசையில் பயமுறுத்துகிறார்.
*– மேற்படி கோவை வாசகர்*

இவர் சொல்லும் முடிவு சரி, காரணம் தப்பு. எந்த எஞ்சினும் அடைப்பை விரும்பாது. அதற்கு வேண்டியது குழாயில் புகை ஓடும் வேகமும், அழுத்த அலைகள் சரியான நேரத்தில் திரும்பி வருவதும். கம்பெனி அதற்கேற்றபடி குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் வடிவமைத்திருக்கும். இடையில் ஒரு துண்டை வெட்டி, கையில் கிடைத்த குழாயை ஒட்டினால் அந்தக் கணக்கு கலைந்து, டிராஃபிக்கில் தேவைப்படும் கீழ் ஆர்பிஎம் இழுவை குறையலாம். மேலே அரை குதிரை, கீழே நஷ்டம்.

எடுத்த பிறகு என் மச்சானுக்கு மைலேஜ் ஐந்து கிலோமீட்டர் கூடியதாம்.
*– திண்டுக்கல் வாசகர்*

மச்சானிடம் வாக்குவாதம் வேண்டாம். தங்கை அங்கே வாழ்கிறாள்.

அறுத்துக் கொடுக்க மெக்கானிக் கூலியே வேண்டாம் என்கிறார். பழைய டப்பாவை மட்டும் 'நானே பார்த்துக்கறேன்' என்கிறார். நல்ல மனுஷன் இல்லையா?
*– சிவகாசி வாசகர்*

ரொம்ப நல்ல மனுஷன். அதில் இருக்கும் ரோடியம் 2021-இல் ஒரு அவுன்ஸ் 20,000 டாலருக்கு மேல் விற்றது, தங்கத்தைவிடப் பல மடங்கு. அதன் பிறகு விலை சரிந்தாலும் அது இன்னும் விலையுயர்ந்த உலோகம்தான். ஒரு பைக்கில் இருப்பது சிறு துளி என்பது உண்மை. ஆனால் துளித்துளியாக மூட்டை சேர்த்து உருக்குபவர்களுக்கு விற்க ஒரு தனிச் சந்தையே இயங்குகிறது. கார் அடியில் படுத்து இதை மட்டும் அறுத்துக்கொண்டு போகும் திருடர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் தலைவலி. அங்கே இரவில் ஒளிந்து வந்து எடுப்பதை, இங்கே நாமே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறோம்.

பியூசி டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டேன். அப்படியானால் சட்டப்படி சரிதானே?
*– திருச்சி வாசகர்*

பைக்குக்கு நடக்கும் பியூசி சோதனையில், நின்ற இடத்தில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அந்தத் தாளில் வராது. அது கூடுவது ஓட்டத்தில், சுமையில்.

சட்டம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி வடிவமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 190-ஆவது பிரிவில், சத்தமோ புகையோ வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் உங்களுடையது எத்தனையாவது என்று தேடும் நிலை வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100-இல் கேட்கானே கிடையாது. அதை ஆஹா ஓஹோ என்கிறீர்கள், எங்களை மட்டும் திட்டுகிறீர்கள். இது என்ன நியாயம்?
*– மதுரை வாசகர்*

மதுரைக்காரர் நியாயம் கேட்காமல் விடமாட்டாரே! 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்ற வண்டி அது. அதற்குச் சட்டம் கேட்கானைக் கேட்கவில்லை, அதனால் அது எதையும் கழற்றிப் போடவில்லை. அதற்காக அதன் புகை சந்தனப் புகை என்று சொல்ல வரவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும், ஆயிலும் சேர்ந்து எரியும். அந்த வாசனையை ரசிப்பவர்கள் ரசிப்பது தங்கள் இருபது வயதை.

ஊரெல்லாம் லாரியும் பஸ்ஸும் புகை கக்குகிறது. என் ஒரு பைக் என்ன செய்துவிடும்?
*– ஓசூர் வாசகர்*

உங்கள் கேள்வி இன்று வந்த கடிதங்களில் எத்தனை கையெழுத்துகளில் இருக்கிறது தெரியுமா?

2010-இல் வந்த பிஎஸ்-3 விதியில் ஒரு பைக் கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 1 கிராம் வரை விடலாம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6-இல் ஹைட்ரோகார்பன் 0.1, நைட்ரஜன் ஆக்சைடு 0.06, ஆக 0.16 கிராம். சோதனை முறையும் இடையில் கடுமையானது. இந்த இறக்கத்தில் ஃப்யூயல் இஞ்செக்‌ஷனுக்குப் பங்கு உண்டு, பெட்ரோலில் கந்தகத்தை 10 பிபிஎம் வரை குறைத்ததற்கும் பங்கு உண்டு. ஆனால் கடைசி வேலையை முடிப்பது கேட்கான். ஹேக்ஸா பிளேடால் பத்து நிமிடத்தில் அந்தப் பத்து வருட இறக்கத்தின் பெரும்பகுதியை அழித்துவிடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள பார்க்கிங்கில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹெல்மெட் தேடுபவரா நீங்கள்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்த பார்க்கிங்கில் முதலில் அதை மூச்சில் இழுப்பது லாரிக்காரர் அல்ல, நீங்களும் ஸ்கூல் பேக்குடன் பின்னால் ஏறக் காத்திருக்கும் உங்கள் பிள்ளையும்.

என் வண்டியில் கேட்கான் நிஜமாகவே அடைத்துவிட்டது. 60-க்கு மேல் ஏறவில்லை, தட்டினால் உள்ளே கலகலவென்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. இப்போதாவது எடுக்கலாமா?
*– தஞ்சாவூர் வாசகர்*

எடுக்கலாம், புதிதை மாட்டுவதற்காக. கலகலப்பு, உள்ளே தேன்கூடு உடைந்ததற்கு அடையாளம். முட்டை நாற்றம், பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது என்பதற்கு. கேட்கான் தானாகச் சாவது அரிது. அதைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின்தான். ஸ்பார்க் பிளக் அவ்வப்போது தவறினால் எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரியும், தேன்கூடு உருகும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் அதன் பாஸ்பரஸ் பூச்சை மூடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பைப் போட்டால் அடுத்த வருடம் இதே கேள்வியை மீண்டும் அனுப்புவீர்கள்.

மகன் கேட்கானை எடுத்துவிட்டு வந்து நிற்கிறான். தெருமுனையில் திரும்பும்போதே இவன்தான் என்று தெரிகிறது. நான் என்ன செய்ய?
*– கும்பகோணம், ஒரு தாய்*

தெருமுனைக்கே கேட்கிறது என்றால் சைலன்சரும் மாறியிருக்கும். திட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள் அம்மா: "கழற்றியதெல்லாம் எங்கே?" கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முழுதாகக் கழற்றியிருந்தால் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கி, இன்றே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அறுத்திருந்தால் ஒட்டுப்போட விடாதீர்கள், கம்பெனி பெண்ட் பைப்பாகவே வாங்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாரின் வயர் முறுக்கியிருக்கிறதா, மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு அணைந்ததா என்று சர்வீஸ் சென்டரில் பார்த்துவிடுவார்கள். விலை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். பில்லை அவன் கையில் கொடுங்கள்.